போட்ட பக்கம், போடாத பக்கம்

முகத்தைப் பார்த்து வேலை கொடுப்பார்கள் என்று சின்னவள் கேள்விப்பட்டிருக்கிறாள். முகத்தில் இருக்கிற தழும்பைப் பார்த்து வேலை கொடுப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

நாலு மாடிக் கடை அது. அவள் தரைக்குக் கீழே இருந்த கிடங்கில் சாமான்களுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அழகுசாதனப் பிரிவின் மேனேஜரம்மா ஒருநாள் கீழே இறங்கி வந்து, அங்கிருந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி முகம் முகமாகத் திருப்பிப் பார்த்தாள். சின்னவளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, "இது போதும். ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி பரு அடையாளம் இருக்கு" என்றாள். கன்றுக்குட்டியைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூட அதன் முன்னால் இப்படிப் பேசமாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி புதிதாக முகக் கிரீம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதை விற்கிற பெண் தன் முகத்தில் பாதிக்கு மட்டும் அதைப் பூசவேண்டும். மறு பாதிக்கு எதுவுமே பூசக்கூடாது, சாதாரணக் குளிர் கிரீம்கூட. நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. இடது பக்கம் போட்ட பக்கம், வலது பக்கம் போடாத பக்கம். வாடிக்கையாளர் வந்தால் இப்படித் திரும்பிக் காட்டி, அப்படித் திரும்பிக் காட்டி விற்கவேண்டும். எந்த மகானுபாவன் மூளையில் உதித்ததோ, தெரியவில்லை. அவன் தன் முகத்தில் பூசிப் பார்த்திருக்கமாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

சின்னவளுக்கு அப்போது சந்தோஷம்தான். பதினாறு வயதில் வந்த பரு போய்விட்டது, அதன் அடையாளங்கள் போகவில்லை. யாராவது படம் எடுத்தால் பின்வரிசைக்கு நழுவிப் பழகியவள். கிடங்கிலிருந்து மேலே வரலாம், கன்னமும் சரியாகலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வீட்டில் பெரியவளிடம் சொன்னாள். பெரியவள் அவளுடைய அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்பவள். கைக்கு இருக்கிற சூடு வாய்க்கும் உண்டு. இரண்டு அறை வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"ஏன்டி, முகத்தை வாடகைக்கு விட்டிருக்கியா, இல்ல கிரயமே பண்ணிக் கொடுத்துட்டியா?" என்றாள் பெரியவள்.

"பாதிதானே."

"பாதிப் பொண்ணு மேல, பாதிப் பொண்ணு கிடங்குலயா?"

சின்னவள் சிரித்தாள். அப்போது சிரித்தால் வலிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். "ரெட்டினால், வைட்டமின் ஏ குடும்பம். தோலைப் புதுசா வளரவைக்கும். நம்மளோடது சந்தையிலேயே வீரியம் ஜாஸ்தி" என்றார். டப்பாவின் மேல் அந்த வீரியம் சிவப்பு எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. "தினம் ராத்திரி, ரெண்டு விரல் நிறைய. தோல் உரியும், பயப்படக்கூடாது. வெங்காயம் பாத்திருக்கீங்கல்ல? உரிக்க உரிக்க உள்ள பளபளன்னு வரும்." இதை அவர் ஒவ்வொரு முறையும் சொன்னதால் பெண்கள் அவருக்கு வெங்காயத்தார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் கன்னம் இறுகியது. பிறகு சிவந்தது. பிறகு வாயோரம் வெடித்தது. முகத்தில் தண்ணீர் பட்டால் எரிந்தது, தலையணை பட்டால் எரிந்தது. எரிகிறதே என்று அழுதால் அந்தக் கண்ணீர் பட்டும் எரிந்தது. மூக்கோரம் தோல் பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. வெங்காயத்தார் வந்து பார்த்து, "அருமையா வேலை செய்யுது. விடாம போடும்மா" என்றார்.

"வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே போனா கடைசியில என்னடி மிஞ்சும்?" என்றாள் பெரியவள். "ஒண்ணும் மிஞ்சாது. கண்ணுல தண்ணிதான் மிஞ்சும். நாங்க கறை எடுக்கறோம், துணியையுமா எடுக்கறோம்?"

கவுண்டருக்கு வந்தவர்கள் அவள் இடது கன்னத்தைப் பார்த்ததும் கைப்பையை அணைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு குழந்தை, "அந்த ஆன்ட்டி மேல கொதிக்கிற தண்ணி கொட்டிடுச்சாம்மா?" என்று கேட்டது. விற்பனை படுத்துவிட்டது.

இந்த இடத்தில் மனசாட்சி உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? டப்பாவை எடுத்து உள்ளே வைப்பார்கள். மேனேஜரம்மா மனசாட்சியைக் கூப்பிடவில்லை, மூளையைக் கூப்பிட்டாள். ஒரு காலை நேரம், வெண்ணெய் தடவிய குரலில், "இடது வலதை மாத்திக்கலாம்மா" என்றாள்.

சின்னவளுக்குப் புரியவில்லை. வலது பக்கத்துக்கும் பூசச் சொல்கிறாளோ என்று அந்தக் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பூச வேண்டாம். சொல்றதை மட்டும் மாத்தலாம். இந்தச் சிவந்த பக்கம் போடாத பக்கம், முன்னாடி உன் முகமே இப்படித்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் போட்ட பக்கம். எது எதுன்னு வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அதாவது, கிரீம் சுட்ட கன்னம் அவளுடைய பிறவிக் கோளாறு. அவளுடைய சொந்தக் கன்னம், அம்மா வயிற்றிலிருந்து அவள் கொண்டுவந்த கன்னம், கம்பெனியின் சாதனை. திருடன் வீட்டுக்காரனையே பிடித்து ஸ்டேஷனில் கொடுத்த கதைதான். சின்னவளுக்குக் காது சுட்டது.

அன்று மத்தியானமே ஒரு பெண் வந்தாள். சீருடையில், தோளில் தோல் பை. பஸ் கண்டக்டர். வெயிலில் கறுத்த கன்னங்களில் சின்னவளுக்கு இருப்பது போலவே பரு அடையாளங்கள். கூட்டத்தில் கத்திப் பழகிய குரலை அடக்கிக்கொண்டு, "இது நிஜமாவே போகுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மெதுவான குரலில் இருந்த ஆசை சின்னவளுக்குத் தெரிந்த ஆசை.

பதிலை மேனேஜரம்மா சொன்னாள். சின்னவளின் தோளைப் பிடித்துத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டி, "இவ முகம் முழுக்க இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். வலது கன்னத்தைக் காட்டி, "இப்ப பாருங்க. அடையாளம்தான் மிச்சம், அதுவும் மங்கிடும்" என்றாள். கண்டக்டரம்மா அந்த வலது கன்னத்தைக் கோயில் தீபத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள். அது முடிகிற வரை சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் போன பிறகுதான் பேச்சு வந்தது. "மேடம், அது பொய்."

"நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. நான்தானே சொன்னேன். உனக்கு என்ன பாவம்?"

இப்படியும் ஒரு சமாதானம். அன்று சாயங்காலம் பெரியவள் அவளைத் தரதரவென்று தோல் டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

மருந்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. டாக்டரம்மா பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு போட்டீங்க?" என்றார்.

"ரெண்டு விரல் நிறைய. தினமும்."

"முகத்துக்கா, சுவத்துக்கா?"

"உரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு சொன்னாங்க டாக்டர்."

"உரியறது மருந்து வேலை செய்யற அடையாளம் இல்லம்மா. தோல் தாங்கலைங்கற அடையாளம். சரி, முகத்துக்கு நடுவுல இந்தக் கோட்டைப் போட்டது யாரு?"

சின்னவள் சொன்னாள். டாக்டரம்மா எழுந்துபோய்க் கையைக் கழுவினார். பிறகு சொன்னார்: எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பதக் கிரீம் மட்டும், வெயில் படாமல், புண் ஆறும் வரை. ஆறிய பிறகு வேறு மருந்து தருவார், இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பெரியவள் எழுந்துவிட்டாள். "மறுபடியும் அதேவா? கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறியச் சொல்றீங்களே."

"உங்க வீட்டு அடுப்புல எப்பவும் முழுத் தீயாவா வைப்பீங்க? சிம்ல வைக்கிறதில்லையா?" என்றார் டாக்டரம்மா. "சரக்கு கெட்டது இல்ல. அளவுதான் கெட்டது. குறைஞ்ச வீரியத்துல, வாரத்துல ரெண்டே ராத்திரி. முகம் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். முதல்ல சாதா கிரீம், அதுக்கு மேல முழு முகத்துக்கே பட்டாணி அளவு மருந்து, அதுக்கு மேல மறுபடியும் சாதா கிரீம். கண்ணு, மூக்கு ஓரம், வாய் ஓரம் பக்கம் போகக்கூடாது. பகல்ல சன்ஸ்க்ரீன். தாங்குச்சுன்னா மெதுவாக் கூட்டலாம், இல்லைன்னா அங்கேயே நின்னுக்கலாம். மாசக்கணக்காகும், ஆனா வேலை நடக்கும். வயித்துல குழந்தை இருந்தாலோ, அந்த யோசனை இருந்தாலோ இது கூடாது. இருக்கா?"

"அதுக்கு முதல்ல ஒருத்தன் மாட்டணும்" என்றாள் பெரியவள். டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார்.

மறுநாள் சின்னவள் மேனேஜரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்: உங்கள் கிரீமை நிறுத்திவிட்டேன், டாக்டர் மருந்துதான் போடப்போகிறேன். மேனேஜரம்மா காதில் வாங்கினாளா, வாங்காதவள் போல இருந்தாளா, தெரியவில்லை. "முகம் ஆறுற வரைக்கும் பின்னாடி பேக்கிங்ல இரு. மேல வரணும்னா வலது பக்கத்தை மட்டும் தொடாதே" என்றாள். வேலை வேண்டுமே. டாக்டரம்மா முழு முகத்துக்குக் கொடுத்த மருந்தைச் சின்னவள் பாதி முகத்துக்குப் பூசினாள், அரைப் பட்டாணியாக.

பேக்கிங் அறையில் ஜன்னல் கிடையாது. அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப், ஒரு மின்விசிறி. புண் ஆறியது. முகத்தைக் கழுவிவிட்டு எரியாமல் துடைத்துக்கொண்ட அன்று அவளுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. பிறகு அந்தக் குறைந்த மருந்து. வாரங்கள் போயின, கன்னத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலும் இல்லை, மாற்றமும் இல்லை. "இது மருந்தா, பச்சைத் தண்ணியா?" என்று பெரியவள் கிண்டல் செய்தாள். இன்னும் கொஞ்சம் அள்ளிப் பூசலாமா என்று சின்னவளுக்கே கை அரித்தது. பழைய எரிச்சலை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்து முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவாரிக்கொண்டிருந்தவளைப் பெரியவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"இது எப்படி போச்சு?"

இடது கன்னத்தில் அடையாளங்கள் பாதிக்குமேல் மங்கியிருந்தன. தோல் சீராக இருந்தது. உரியவில்லை, சிவக்கவில்லை. தூங்குகிறவளை எழுப்பாமல் வீடு கூட்டுகிற மாதிரி, சத்தமில்லாமல் வேலை நடந்திருந்தது. சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று முதலில் சிரித்தாள். அப்புறம் அவளுக்கு வந்ததே கோபம், அதற்கு அளவில்லை. இவ்வளவுதானா? இப்படி ஒரு வழி இருக்கும்போதா என்னைச் சுட்டார்கள்? வீரியம் என்று டப்பாவில் பெரிதாகப் போட்டால் விற்கும், பொறுமை என்று போட்டால் விற்காது, அதற்காகவா?

அந்தக் கன்னம் மேனேஜரம்மா கண்ணில் படாமல் போகுமா? மறுவாரமே கூப்பிட்டாள். வெங்காயத்தாரும் உட்கார்ந்திருந்தார். சின்னவள் முகத்தைப் படம் எடுக்கப்போகிறார்களாம். இரண்டு பாதியும் தெரிகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு, எல்லாக் கிளைகளிலும் மாட்டப்போகிறார்களாம். அவளுக்குக் கவுண்டரின் தலைமைப் பொறுப்பாம்.

"மேடம், இது உங்க கிரீமே இல்ல. டாக்டர் கொடுத்தது. நான் அன்னைக்கே சொன்னேன்."

"ரெண்டும் ஒரே குடும்பம்தானேம்மா" என்றார் வெங்காயத்தார்.

"போன தடவை இடது வலதை மாத்தினோம், உனக்கு மனசு கஷ்டப்பட்டுச்சு" என்றாள் மேனேஜரம்மா. "இப்ப மாத்தவே வேண்டாம். இடது பக்கம்தான் நல்லா இருக்கு, இடது பக்கம்னுதான் சொல்லப்போறோம். இதுல பொய் எங்க இருக்கு?"

சின்னவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர்கள் சுட்டபோது அது அவளுடைய கோளாறு. அவள் பொறுத்துப் பொறுத்துத் தேற்றிக்கொண்டபோது அது அவர்களுடைய கிரீம். பெற்றது ஒருத்தி, பெயர் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது ஒருத்தியா?

வீட்டில் வந்து கத்தித் தீர்த்தாள். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போறதும் போகாததும் உன் இஷ்டம். வேலை போச்சுன்னா பட்டினி கிடக்கமாட்டோம், இழுத்துப் பிடிச்சுப் போகலாம். ஆனா அந்தப் படத்தைப் பாத்துட்டு எத்தனை பேர் சுட்டுக்கப் போறாங்கன்னு மட்டும் யோசிச்சுக்கோ" என்றாள். சின்னவள் யோசித்தாள். மறுநாள் முடிவு எடுக்காமலேயே கடைக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கிடங்குக்குப் போகவும் மனம் வரவில்லை.

கவுண்டர் முன்னால் விளக்குகளை நிறுத்தி, வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். போட்டோக்காரர் பாவம், ஒன்றும் தெரியாதவர். "எந்தப் பக்கம் மேடம் நல்ல பக்கம்?" என்று கேட்டார். மேனேஜரம்மா இடது கன்னத்தைக் காட்டினாள். சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

"முன்னாடி இருக்கறவங்க கொஞ்சம் வழி விடுங்க."

கடையே திரும்பிப் பார்க்கிற குரல். சீருடை, தோல் பை. கண்ணுக்குக் கீழே முகத்தை மூடித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கவுண்டரில் இரண்டு டப்பாக்களை வைத்துவிட்டுத் துணியை அவிழ்த்தாள். கன்னம் இரண்டும் வெந்த சிவப்பு. வெயில் வேறு பட்டு, இடது கன்னத்தில் கறுத்துப் படை படையாக இருந்தது.

"முதல் டப்பாவுலயே எரியுதுன்னு வந்தேன். உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது, விடாம போடுங்கன்னு இங்க இருந்த பொண்ணு சொல்லுச்சு. ரெண்டாவது வாங்கினேன். இப்ப வண்டியில ஏறுற குழந்தைங்க என்னைப் பாத்து அழுவுது. சொல்லுங்க."

மேனேஜரம்மா பதறவில்லை. "நீங்க சரியாப் போட்டிருக்கமாட்டீங்கம்மா. இதோ, இவளும் அதேதான் போடறா. இவ கன்னத்தைப் பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்று சின்னவளின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பக் கை நீட்டினாள்.

அந்தக் கை தாடையில் படுவதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"தொடாதீங்க மேடம்." ஸ்டூலை விட்டுத் தள்ளி நின்றாள். "நான் இப்ப இதைப் போடறதே இல்ல. போட்டப்ப எனக்கும் இவங்களுக்கு ஆன மாதிரியேதான் ஆச்சு. அதை இவங்ககிட்ட போடாத பக்கம்னு காட்டினீங்க. நான் எதுவுமே போடாத பக்கத்தைக் காட்டி இந்த டப்பாவை வித்தீங்க. இப்ப இந்தக் கன்னம் டாக்டர் தேத்துன கன்னம். இதைக் காட்டி விக்கப் பாக்கறீங்க. உப்புப் போட்டுத்தான் சாப்பிடறேன் மேடம் நான்."

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். வெங்காயத்தார் யாருக்கோ போன் செய்கிறவர் போல நகர்ந்தார். மேனேஜரம்மாவின் குரலில் வெண்ணெய் போய்விட்டது. "பேட்ஜைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு."

சின்னவள் கழற்றி வைத்தாள். வெளியே வந்தபோது கண்டக்டரம்மா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாளோ என்று சின்னவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மனித மனம் அப்படித்தான்.

"அன்னைக்கு நான் வாங்கறப்ப நீயும் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தே" என்றாள் கண்டக்டரம்மா.

"ஆமா."

"தெரிஞ்சுதானே நின்னே."

"ஆமாக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சின்னவள் தலை நிமிராமல் பேசினாள். எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வெறும் சாதாரணக் கிரீம் மட்டும் போடுங்கள், வெயிலில் மூடிக்கொள்ளுங்கள். ஒரு டாக்டரம்மா இருக்கிறார், பக்கத்தில்தான். ஆறிய பிறகு ஒரு மருந்து கொடுப்பார், குறைந்த வீரியம், பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு ராத்திரி. எரியாது, நாளாகும், ஆனால் போகும். எனக்குப் போயிருக்கிறது, பாருங்கள். இடது கன்னத்தை அவளே திருப்பிக் காட்டினாள்.

கண்டக்டரம்மா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல. நிஜமாவே டாக்டர்."

"அன்னைக்கும் இப்படித்தான் கன்னத்தைக் காட்டினே. இதை நான் எப்படி நம்பறது?"

மாதக்கணக்காகப் பொறுத்துச் சம்பாதித்த கன்னம் அது. அவள் உடம்பிலேயே நூற்றுக்கு நூறு உண்மையான இடம் இன்றைக்கு அதுதான். அதைக் காட்டி உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. வேலை போனதற்கு வராத அழுகை இதற்கு வந்தது. பாவிகள், பொய்யை அவர்கள் வாயால் சொன்னார்கள், நம்பிக்கையை இவள் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்னை நம்ப வேண்டாம்" என்றாள் கடைசியில். "டாக்டரைக் கேளுங்க. வாசல் வரைக்கும் காட்டறேன், உள்ள வரமாட்டேன்."

கண்டக்டரம்மா துணியை மறுபடியும் முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"முன்னாடி நட" என்றாள்.

சின்னவள் நடந்தாள். கண்டக்டரம்மா பின்னால் வந்தாள். டாக்டரம்மாவின் அறை வாசல் வரை ஒரு தடவைகூடப் பக்கத்தில் வரவில்லை.